மதுவண்டலில் மருந்து கண்ட மாதரசி

மருந்துக்கென ஓரதிகாரம் வகுத்த திருவள்ளுவனார், அதன் பத்துப் பாக்களுள் ஆறினை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். உணவே முதன் மருந்து என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆயினும், உணவிலுள்ள எப்பொருள் எந்நோயைத் தீர்க்கும் என்பதை ஐயந்திரிபற நிறுவுதற்கு ஆய்வுகூடமும், நுணுக்குக்காட்டியும், ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டியிருந்தன. அப்பொறுமையைத் தம் வாழ்நாட் செல்வமாகக் கொண்டு, ஏழைத் தாய்மாரின் உயிர்காக்கும் வழியைக் கண்டவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாதரசியார்.

மலையகத்தாராகிய நமக்கு இவ்வம்மையாரின் வரலாறு சிறப்பாக உரியது. அவர் ஆராய்ந்தது கருவுற்ற தாய்மாரின் குருதிச்சோகை. கொழுந்துக் கூடை சுமக்கும் நம் தாய்மாருக்கும் குருதிச்சோகை நெடுங்காலப் பகையாகும். அவர் ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, தலவாக்கலையைப் போலவே பனியும் தேயிலையும் சூழ்ந்த நீலகிரிக் குன்னூர். அவர் கண்ட மருந்தோ பொன்னும் மணியும் கொடுத்துப் பெறுவதன்று. மது வடிப்போர் கழித்த வண்டலிலிருந்து ஆக்கப்படுவது.

பிறப்பும் கல்வியும்

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் நகரை அடுத்த சற்றன் கோல்ட்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். அரிவாள் முதலான வெட்டுக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையை அவர் குடும்பத்தார் நடத்தி வந்தனர். தந்தையார் விஞ்ஞானம் பயின்றவர். தாயார் ஒரு வைத்தியரின் மகளார். பாட்டனாரின் உடன்பிறந்தாராகிய அல்பிரட் வில்ஸ் என்பவர் புகழ்பெற்ற நீதிபதி. அல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறியும் பெயர் பெற்றவர். கற்பதில் விருப்பும் மலையேறுவதில் வேட்கையும் இவ்வாறு குலவழியாகவே லூசியாருக்கு வாய்த்தன.

செல்ற்றனம் மகளிர் கல்லூரியிற் பயின்றபின், 1907இல் கேம்பிரிட்ஜில் நியூனம் என்னும் மகளிர் கல்லூரியிற் சேர்ந்து தாவரவியலையும் புவிச்சரிதவியலையும் கற்றார். 1911இல் தேர்வுகளில் வெற்றி பெற்றார். பட்டம் மட்டும் பெற்றாரல்லர். ஆடவரோடு ஒருங்கிருந்து கற்கவும் தேர்வெழுதவும் பெண்களை அனுமதித்த அப்பல்கலைக்கழகம், அவர்களுக்குப் பட்டம் வழங்க 1948 வரையும் இசையவில்லை. அறிவுடையாரெனப் பெயர் பெற்றோரும் அநீதிக்கு இடங்கொடுத்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

1911இல் தந்தையார் மறைந்தார். 1913இல் தமக்கையார் தமது 26ஆவது வயதிற் காலமானார். அத்துயர் ஆறாத அவ்வாண்டிலேயே, தாயாரோடு கப்பலேறி உறவினரையும் நண்பரையும் காண இலங்கைக்கு வந்தார் லூசியார். பின்னாளில் இவர் ஆய்வின் பயன் இத்தீவின் மக்களையும் வந்தடையும் என்பதை அன்று யார் அறிவார்?

மறு ஆண்டு தென்னாபிரிக்கா சென்றார். அங்கிருக்கையில் முதலாம் உலகப் போர் மூண்டது. கேப் நகர வைத்தியசாலையொன்றிற் சில வாரம் தொண்டராய் நின்று நோயாளரைப் பேணினார். ஊர் மீண்டதும் 1915 சனவரியில் இலண்டன் மகளிர் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். பிரித்தானியாவிலே பெண்களை வைத்தியராக்குதற்கென முதன்முதல் தோன்றிய கல்லூரி அது. இந்திய மாணவியர் பலரும் அங்கே பயின்றனர். பின்னாளிற் புகழ்பெற்ற மகப்பேற்று வைத்தியராகிய ஜெருஷா ஜிராட் அவர்களுள் ஒருவர். லூசியார் 1920இல், தமது 32ஆவது வயதில், வைத்தியப் பட்டம் பெற்றார். ஆயினும் வைத்தியத் தொழில் நடத்திப் பொருளீட்ட முனைந்தாரல்லர். றோயல் பிறீ வைத்தியசாலையில், கருவுற்ற பெண்களின் நோய்க்கூறுகளை ஆராயும் பிரிவிற் பணியேற்றார்.

பம்பாயில் ஒரு கொடுநோய்

1928இல் இந்தியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேறுகாலத்தில் தாய்மார் பெருந்தொகையாக இறப்பதன் காரணத்தை ஆராயும் பணியில் மார்கரெட் பால்பர் என்னும் பெண் வைத்தியர் ஈடுபட்டிருந்தார். அப்பணிக்குத் துணைபுரிய லூசியார் பம்பாய் சென்று, ஹாவ்கின் ஆய்வுநிலையத்தில் அமர்ந்தார்.

பம்பாயின் நெசவாலைகளை அண்டிப் பிழைத்த வறிய பெண்களிடையே ஒரு கொடிய குருதிச்சோகை காணப்பட்டது. கருவளர வளர உடல் வெளிறும், நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். பேற்றுக்கு முன்னரோ பேற்றை அடுத்தோ உயிர் பிரிவதும் உண்டு. குருதியை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினால் செங்குழியங்கள் எண்ணிக்கையிற் குறைந்திருக்கும். உருவிலோ இயல்பிலும் பெருத்திருக்கும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையிற் செங்குழியங்கள் சிறுத்திருக்குமாதலின், இது வேறொன்றென்பது தெளிவு. இரும்பை மட்டும் கொடுத்து இந்நோயைத் தீர்க்க இயலவில்லை.

இதனையொத்த பெருங்குழியச் சோகையொன்று மேனாட்டிலும் இருந்தது. நாள்தோறும் ஈரலை உண்பித்தால் அந்நோய் தணியுமென 1926இல் மைனட், மேர்பி என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் காட்டினர். அதற்காக 1934இல் நோபெல் பரிசிற் பங்கும் பெற்றனர். ஆனால், ஈரற்சாறு விலை மிக்கது. ஆலைக்கூலியில் அரைவயிறு உண்பவர் அதனை எங்ஙனம் வாங்குவர்? செல்வர்க்கு மட்டும் எட்டும் மருந்து, வறியார்க்கு இல்லாத மருந்தே. லூசியாரின் வினா இங்கே பிறந்தது: இந்நோயின் வேர் யாது? ஏழையின் கைக்கெட்டும் மருந்து எது?

அவர் முதலில் அப்பெண்களின் உணவை நாடினார். அடுப்பில் என்ன வேகின்றது, எவ்வளவு வேகின்றது, வீட்டிலுள்ளார் உண்டபின் தாய்க்கு என்ன மிஞ்சுகின்றது என்பனவெல்லாம் ஆய்வுக்குரிய பொருள்களாயின. நோயுற்றார் உணவில் பழமும் பச்சைக் காய்கறியும் புரதமும் அருகியிருந்தன.

குன்னூரும் சென்னையும்

1929ஆம் ஆண்டு ஏப்ரில் முதல் ஒக்டோபர் வரை, தம் ஆய்வைக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்துக்கு மாற்றினார். அங்கே உணவாய்வுத் தலைவராயிருந்தவர் மக்கரிசன் என்னும் அறிஞர். இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, சீக்கியர் உணவுண்ட எலிகள் நன்கு வளர்வதையும், தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்தார் உணவுண்டவை நலிவதையும் காட்டியவர் அவர். அவர் நடத்திய ஆய்வுகூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இந்தியாவின் தேசிய உணவூட்ட நிறுவனமாயிற்று.

நோயுற்ற பம்பாய்ப் பெண்கள் உண்டதையொத்த உணவை லூசியார் வெள்ளெலிகளுக்கு ஊட்டினார். சினையுற்ற எலிகள் சோகையுற்றன, குட்டியீனுமுன் மடிந்தன. அவ்வுணவோடு மதுவத்தைச் சேர்த்தளித்தபோது நோய் தோன்றவில்லை. ஆனால், எலிகளின் உடலிலிருந்த பேன்கள் பரப்பிய ஒரு தொற்றும் அவற்றின் சோகைக்குக் காரணமாயிருந்தது பின்னர் புலனாயிற்று. பிறரெனின் அதனை மறைத்துத் தம் முடிபை நாட்ட முயன்றிருத்தல் கூடும். லூசியார் அங்ஙனம் செய்திலர். குரங்குகளைக் கொண்டு ஆய்வை மீண்டும் தொடங்கினார். அவற்றுக்கும் குறையுணவால் பெருங்குழியச் சோகை வந்தது. மதுவச் சாற்றால் அது தீர்ந்தது. தம் சான்றைத் தாமே ஐயுற்றுச் சோதிக்கும் இவ்வொழுக்கமே விஞ்ஞானத்தின் உயிர்நாடி.

1931இன் தொடக்கத்தில் சென்னையிலே கோஷா வைத்தியசாலையெனப் பெயர் வழங்கிய மகளிர் மருத்துவமனையில் பணிபுரிந்தார். இன்று திருவல்லிக்கேணியிற் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பூண்டு விளங்குவது அதுவே.

வண்டலின் வரலாறு

மதுவம் என்பது யாது? அப்பமாவிற் கள் விட்டுப் புளிக்கவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் அதன் செயலை நாடோறும் காண்கின்றனர். மாவைப் பொங்கவைப்பது கள்ளிலுள்ள மதுவமே. கண்ணுக்குப் புலனாகாத இச்சிற்றுயிர், இனிப்பை உண்டு மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றது. நொதித்தலை நிகழ்த்துவது உயிருள்ள மதுவமே என்று பிரான்சிய அறிஞர் பாஸ்டர் நிறுவினார். ஜேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் அக்கருத்தை நெடுநாள் எதிர்த்து நின்றார். எதிர்த்த லீபிக்கே, மதுவத்தைச் சுண்டக் காய்ச்சி உணவாக்கலாம் என்று காட்டியவர் என்பது சுவையான செய்தி.

தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தைப் பரப்பிச் செந்நிறம் ஏறவிடுவதையும் நொதித்தல் என்றே வழங்குகின்றோம். அது வழக்கேயன்றி உண்மையன்று. கொழுந்திலுள்ள நொதியம் காற்றோடு கூடிச் செய்யும் ஒட்சியேற்றமே அது, சிற்றுயிரின் தொழிலன்று. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை அருகிற்கொண்டு வாழும் நம் மாணவர் இவ்வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும்.

பியர் வடிக்குந்தோறும் தொட்டியிலே மதுவம் பன்மடங்காகப் பெருகும். அடுத்த வடிப்புக்கு வேண்டியதை எடுத்தபின் எஞ்சுவது கழிபொருள். 1902இல் இங்கிலாந்தின் பேட்டன் நகரில் எழுந்த மார்மைட் கம்பனி, அவ்வூர் மதுவாலையொன்றின் மதுவண்டலையே மூலப்பொருளாகக் கொண்டது. வண்டலில் உப்பைச் சேர்த்துச் சூடேற்றினால், மதுவம் தன் நொதியங்களாலேயே தன்னைச் செரித்துக்கொள்ளும். மேற்றோலை வடித்து நீக்கிச் சாற்றைச் சுண்டவைத்தால் கரிய குழம்பு கிடைக்கும். உயிர்ச்சத்து பி வகையில் மிக்க இக்குழம்பு முதலாம் உலகப் போரில் படைவீரர் உணவிலும் இடம்பெற்றது. மது கெடுத்த குடிகளை நாம் அறிவோம். மது கழித்த வண்டலோ குடிகளைக் காத்தது!

கண்ட மருந்து

எலிகளிடத்து மதுவத்தின் ஆற்றலைக் கண்ட லூசியார், நோயுற்ற தாய்மாருக்கு மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களுள் குருதியிலே இளஞ்செங்குழியங்கள் திரளாகத் தோன்றின. வெளிறிய முகம் தெளிந்தது, பசி மீண்டது, எழமாட்டாதார் எழுந்து நடந்தனர். 1931 யூன் மாதம் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இதனை வெளியிட்டார்.

மார்மைட்டில் நோயைத் தீர்க்கும் ஒரு பொருள் உளது என்பதே அவர் கண்ட உண்மை. அப்பொருள் இன்னதென்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததாகக் கூறவும் இல்லை. ஆயினும் மேலும் ஒரு படி ஏறினார். நன்கு தூய்மையாக்கிய ஈரற்சாறு மேனாட்டுச் சோகையைத் தீர்த்தது. பம்பாய்ச் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மையாக்காத ஈரற்சாறோ பின்னையதையும் தீர்த்தது. ஆதலின், இரு நோய்க்கும் மருந்து ஒன்றன்று. தூய்மையாக்குங்கால் நீங்கிப்போகும் வேறொரு பொருளே இதற்கு மருந்து என்று 1937, 1938ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளால் எடுத்துக்காட்டினார். அறிஞருலகம் அப்பொருளை வில்ஸ் காரணி என்று அழைக்கலாயிற்று. மேனாட்டுச் சோகையைத் தீர்த்தது பி12 என்னும் உயிர்ச்சத்து எனப் பின்னர் தெளிந்தது. பொருள் கையிற் கிடைக்குமுன்னரே, இது வேறு, அது வேறு எனப் பகுத்தறிந்தது பேரறிவன்றோ?

இலங்கையில் 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. குயினைன் மட்டும் போதாது, பட்டினியால் நைந்த உடலுக்கு ஊட்டமும் வேண்டும் என்றுணர்ந்த சூரியமல் இயக்கத் தொண்டர்கள், மார்மைட்டை நாட்டு வைத்தியர் குளிகைபோல் உருட்டி ஊரூராகக் கொண்டுசென்று கொடுத்தனர். இவ்வாறு அவ்வண்டல் நம் தீவிலும் பல குடிகளின் பசிப்பிணிக்கு மருந்தாயிற்று.

பொருளின் பெயர்

1941இல் அமெரிக்காவின் ரெக்சஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு தொன் பசளிவகைக் கீரையிலிருந்து சிறிதளவான ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆய்வுகூடத்தார் அதனைச் செயற்கையாக ஆக்கினர். அவ்வாய்வுகூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றவர். லூசியார் மதுவச் சாற்றிற் கண்ட காரணி இப்போலிக் அமிலமே. ஆங்கில மாதொருவர் சென்னை வைத்தியசாலையில் ஆராய்ந்த பொருளைச் சென்னையிற் கற்ற இந்தியரொருவரின் குழுவினர் மாத்திரையாக்கும் வழியைக் கண்டனர்.

இப்பொருளின் தொழில் யாது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன், தன் மரபுப்பொருளை இரட்டிக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. அஃதில்லையேல் என்புமச்சையிலுள்ள அணுக்கள் பருக்குமேயன்றிப் பிரியமாட்டா. செங்குழியங்கள் தொகையிற் குறைந்து உருவிற் பெருத்ததன் காரணம் இதுவே. கருவில் ஒரு புத்துயிர் வளருங்கால் இப்பொருளின் தேவை மிகுமாதலின், தாயின் உடலிலே குறை முதலில் வெளிப்பட்டது.

அப்பால் இக்கண்டுபிடிப்புப் பல கிளைவிட்டது. போலிக் அமிலத்தின் தொழிலைத் தடுக்கும் பொருளைக் கொண்டு, சிறுவரின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிக்கலாமென 1948இல் பாபர் என்னும் அமெரிக்க வைத்தியர் காட்டினார். முள்ளந்தண்டு பிளவுபட்ட குழந்தையை முன்னர் பெற்ற தாய்மார், மீண்டும் கருவுறுமுன்னரே போலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்கினால் அக்குறை மறுபடி நேர்வதிற் பெரும்பகுதி தடுக்கப்படும் என்பதை 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று நிறுவியது. இன்று நம் நாட்டுத் தாய்சேய் நிலையங்களில் வழங்கப்படும் போலிக் அமில மாத்திரையின் பின்னே இந்நெடுங்கதை உளது.

இறுதி நாட்கள்

1933இல் இலண்டன் மீண்ட அம்மையார், 1937இன் இறுதியிற் பத்து வாரம் பம்பாய்க்கு வந்து ஆய்வைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன்மீது குண்டு பொழிந்த நாட்களிலும் பணியிடத்தை விட்டகன்றாரல்லர். 1944 யூலையிற் பறக்கும் குண்டொன்று றோயல் பிறீ வைத்தியசாலையிலேயே வீழ்ந்து சிலர் மாண்டனர். நோய்க்கூற்றுப் பகுதியின் வேலை சில நாட்களே தடைப்பட்டது. போர் முடியும்போது அப்பகுதிக்கு அவரே பொறுப்பாளர். அங்கே குருதியியற் பிரிவை முதன்முதல் அமைத்தவரும் அவரே.

1947இல் ஓய்வுபெற்றும் ஓய்ந்திருந்தாரல்லர். ஜமேக்கா, பீஜி, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று உணவும் குருதிச்சோகையும் பற்றி ஆராய்ந்தார். மணஞ் செய்யாது வாழ்ந்தவர். மோட்டார் வண்டியை விரும்பாது துவிச்சக்கர வண்டியிலே பணிக்குச் சென்றவர். மலைகளில் நடப்பதிற் பேரின்பம் கண்டவர். 1964ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆம் நாள், 75ஆவது வயதில், காலமானார். நோபெல் பரிசு அவரை நாடவில்லை. அவர் பெயரை ஒருபோதும் கேட்டறியாத கோடிக்கணக்கான தாய்மாரின் குருதியிலே அவர் உழைப்பின் பயன் ஓடுகின்றது.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன மூன்று. நோயாளியின் உடலோடு அவர் அடுப்பையும் நோக்கவேண்டும் என்பது ஒன்று. கழிபொருளென ஒதுக்குவதனுள்ளும் அரும்பொருள் இருத்தல் கூடும் என்பது மற்றொன்று. ஏழைக்கு எட்டாத மருந்து கண்டமைவதோடு அறிஞன் பணி முடிவதில்லை என்பது மூன்றாவது.

தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையிலே வெறுந்தேநீரும் கோதுமை மா ரொட்டியும் உண்டு பெரட்டுக்கு விரையும் தாயை நாம் அறிவோம். வெறும் மாவில் அவளுக்கு வேண்டிய போலிக் அமிலம் போதியவளவு இல்லை. கீரை, பருப்பு, பயறு, கடலை ஆகியவற்றில் அது மிகுதியும் உளது. நீரில் நெடுநேரம் அவித்து நீரை ஊற்றிவிட்டால் அதிற் பெரும்பகுதி வீணாகும். உணவோடு பருகும் தேநீர் அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கும். ஆதலின் உண்டபின் ஒரு மணிநேரம் கழித்துப் பருகுதல் நன்று. இவை சிறு செய்திகள், செலவற்றவை. லயத்துக் கொல்லையில் ஒரு பாத்திக் கீரை விளைவிக்கப் பெருநிலம் வேண்டுவதில்லை.

எம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியரும், ஆசிரியரும், தோட்ட உத்தியோகத்தரும், தொழிற்சங்கத்தாரும் பலர் உளர். மலையகத் தாய்மாருள் ஒருத்தியேனும் அறியாமையாலும் உணவுக் குறைவாலும் பேறுகாலத்தில் மடியாதிருக்கத் தம்மாலியன்றதைச் செய்வதை இவ்விழாவாண்டின் பணியாக அவர்கள் மேற்கொள்வார்களாக. கழித்த வண்டலையும் புறக்கணியாது ஆராய்ந்த அம்மையாரின் நினைவுக்கு அதுவே தக்க கைம்மாறாகும்.